ரெண்டு சீட்டு வண்டியும் ஆறு பேர் சஹனும்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, வயல் எல்லாம் மகளின் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு கதிரை. மாமா வந்தால் அதிலிருந்தும் எழும்ப வேண்டும். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்து ஊருக்கெல்லாம் ஆணி விற்ற நான், படுக்கையறைச் சுவரில் ஓர் ஆணி அடிக்க மாமாவிடம், அதாவது மனைவியின் வாப்பாவிடம், உத்தரவு கேட்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லி வைத்தால்தான் என் வண்டிக்கு நடந்தது உங்களுக்கு விளங்கும்.

வண்டி வந்தது சுனாமிக்குப் பிறகு. அந்த நாட்களில் எங்கள் கரைக்கு வந்து சேராத சாமான் இல்லை. இந்த வெயிலுக்குக் கம்பளிச் சட்டை வந்தது. கடலில் கால் நனைக்காத தையல்காரருக்குத் தோணி கிடைத்தது; மீன்பிடிக்கிறவருக்குத் தையல் மெஷின் கிடைத்தது. இரண்டு பேரும் சந்தைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டார்கள். ஒரு கக்கூஸ் கட்டினால் அதைவிடப் பெரிதாக ஒரு பெயர்ப்பலகை நட்டார்கள். இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், மணலிலும் உடைந்த வீதியிலும் ஓடுவதற்கென்று ஒரு சின்ன வண்டியை இறக்கியது. நாலு தடித்த டயர். கதவு இல்லை. தலைக்கு மேலே வளைந்த இரும்புக் குழாய். பக்கம் பக்கமாக இரண்டு சீட், பின்னால் சாமான் வைக்க ஒரு தட்டு. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அதை விற்றார்கள், நான் வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

"மருமகனுக்குக் கடல் தண்ணி தலைக்குள்ள பூந்திட்டு," என்று மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவர் சொன்னதற்கு ஏற்ற மாதிரி, வாங்கியும் ஓட்ட முடியவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்தது. சோதனைச் சாவடியில் சைக்கிளில் போகிறவனுக்கே ஆயிரம் கேள்வி. தலையும் வாலும் விளங்காத இந்த வண்டியோடு போனால் வண்டியைப் பார்ப்பார்களா, என்னைப் பார்ப்பார்களா? தறப்பாளால் மூடி வீட்டுக் கொல்லையில் விட்டேன். கோழிகள் வந்து ஸ்டேரிங்குக்குக் கீழே முட்டையிட்டன. அந்த வண்டி கிடந்த காலத்தில் உருப்படியாகத் தந்தது அந்த முட்டைகளைத்தான்.

வண்டியை நம்பிய ஒரே ஆள் என் மனைவி. அதற்குக் காரணம் இருந்தது.

அவளுடைய சீதனக் காணி சவளக்கடைக்கும் அங்கால, காட்டோரத்து வட்டையில் இருந்தது. வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். காணி உறுதிப் பத்திரத்தில் அவள் பெயர் இருந்தது, ஆனால் அந்த நிலத்தை அவள் கண்டதில்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே சண்டையில் அந்தப் பாதை மூடப்பட்டுவிட்டது. அவள் பிறப்பதற்கு முன் மாமா அங்கே ஒரு கிணறு கட்டியிருந்தார். முழங்கால் உயரக் கட்டுக்குச் சீமெந்து பூசி, அது காயும் முன்னே மாமி தண்ணீர் அள்ளப் போய் அதில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார். மாமிக்கு அப்போது நிறைமாதம், வயிற்றில் என் மனைவி. கால் ஆழமாகப் பதிந்துவிட்டது. மாமா வட்டை முழுக்கக் கேட்க ஏசினாராம். மாமி அந்தக் கதையை வாழ்நாள் பூராவும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கடல் வந்தது. மாமியையும் கடற்கரை வீட்டையும் ஒன்றாகக் கொண்டு போனது. அலுமாரி போனது, அதற்குள் இருந்த படங்கள் போயின, அடையாள அட்டையும் போனது. மாமியின் முகம் இருந்த ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சவில்லை.

சண்டை முடிந்து, பாதை திறந்து, அந்தப் பக்கம் கண்ணிவெடி இல்லை, சனம் வயல் செய்யப் போகிறது என்று கதை வந்த அன்றைக்கு, மனைவி அடுப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"இஞ்சாருங்க, எனக்கு உம்மாட முகம் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சிட்டு வருது. யோசிச்சா மூக்கு வருது, கண் வருதில்ல. அந்தக் காலடியயாவது ஒருக்காப் பாக்கணும். ஒங்கட வண்டியில ரெண்டு சீட்டுத்தானே? நீங்களும் நானும் போவம். சுபஹ் தொழுதிட்டு வெளிக்கிட்டா பகல் ளுஹருக்கு முதல் வந்திரலாம்."

 அன்றைக்கே தறப்பாளை இழுத்தேன், கோழிகளைத் துரத்தினேன், ஒயில் மாற்றினேன். இஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. என் கேடு, அந்தச் சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்டுவிட்டது.

முதலில் மாமா வந்தார். பின்னால் மச்சான் வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த சகோதரர், புடைவைக் கடைக்காரர். விற்பது சாரமும் சாரியும். ஆனால் இரும்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

"எங்க பயணம்?" என்றார் மாமா.

சொன்னேன்.

"யா அல்லாஹ், என்ட வட்டைக்கு நான் இல்லாமயா?"

"சாப்பாட்டுக்கு என்ன யோசிச்சிருக்கீங்க?" என்றார் மச்சான்.

"பாண் கட்டிட்டுப் போறம்."

வெறும் பேக்கரி ரொட்டி என்றதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் மவுத்துச் செய்தி சொன்னால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பாணா! இத்தின வருசத்துக்குப் பொறகு வட்டைக்குப் போய்ப் பாணா தின்னுற? புரியாணி ஆக்குவம்," என்றார் மச்சான்.

"புரியாணியெண்டா சஹனில வெச்சுத்தான் தின்னணும்," என்றார் மாமா.

"சஹனெண்டா ஆறு பேர் வேணும்," என்று மச்சான் முடித்து வைத்தார்.

சஹன் என்பது எங்கள் விருந்துத் தாம்பாளம். அதில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் இருந்து, ஒன்றாகக் கை வைத்து உண்பார்கள். கலியாணத்திலும் கந்தூரியிலும் ஓர் ஆள் குறைந்தால் தெருவில் போகிறவனைக் கையில் பிடித்து இழுத்து வந்து இருத்துவோம். நல்ல வழக்கம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சீட்டு வண்டியில் சஹனுக்கு ஆள் ஏற்ற நினைத்த சமூகம் உலகத்தில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். இரண்டு சோற்றுக் கோப்பையில் போட்டும் புரியாணி தின்னலாம் என்ற எண்ணம் அந்தக் கொல்லையில் நின்ற ஒருவருக்கும் வரவில்லை.

ஆகவே வண்டியைத் திருத்த வேண்டும் என்று முடிவானது.

பாண்டிருப்பில் வெல்டிங் கடை வைத்திருந்தவர் என்னிடம் கம்பி வாங்குகிறவர்; என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைப்பவர். அவரை அழைத்தோம். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பின்னுக்கு அஞ்சு பேர் இருக்க வாங்கு போடலாமா?"

"செய்யலாம், காக்கா."

"இஞ்சின் இழுக்குமா?"

"இழுக்க வைக்கலாம், காக்கா."

அந்த மனிதரின் வாயில் 'ஏலாது' என்ற சொல் கடைசி வரைக்கும் வரவில்லை. நீள இருக்கையாக வாங்கு போட்டார், வண்டியின் பின்பக்கம் தரையைத் தொட்டது. தூக்குவதற்கு லொறி ஸ்ப்ரிங் பட்டை வைத்தார். இப்போது மாமாவால் ஏற முடியவில்லை. ஏறுவதற்கு இரும்புப் படி வைத்தார்; ஏறிய மாமா தலையில் வெயில் சுடுகிறது என்றார். தகரக் கூரை போட்டார். தகரம் காற்றில் அடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பி அழுதது. தகரத்துக்குக் கீழே றப்பர் விரிப்பு ஒட்டினார். ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு மருந்து, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு புது வருத்தம். கம்பியும் போல்ட்டும் என் கடையிலிருந்து போய்க்கொண்டே இருந்தன.

இதற்குள் மச்சான் அறுகம்பேக்குப் போய்விட்டு வந்தார். அலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரரின் வண்டிகளை அரை நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவரின் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"மச்சான், காட்டு வண்டியெண்டா முன்னுக்கு வின்ச் இருக்கணும். சேத்தில புதைஞ்சா கயிற எதிலயாவது கட்டிட்டு சுவிச்ச அமத்துறது. வண்டி தன்னத்தானே இழுத்துக்கும்."

"வின்சுக்கு எங்க போற?"

போக வேண்டியிருக்கவில்லை. கரைவலை இழுக்கிற பழைய ட்ரக்டர் ஒன்று கடற்கரையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதிலிருந்து கழற்றி வந்தார்கள். ஒரு வலை நிறைய மீனை இழுத்த சாமான்; அதன் பாரத்தில் வண்டியின் மூக்கு குனிந்தது. மூக்கு குனிந்ததற்குப் பரிகாரமாகப் பின்னால் பெரிய பெட்டரி வைத்தார்கள். பெட்டரி வந்ததால் கூரையில் விளக்குகள் வந்தன. போவது பட்டப்பகலில் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. விளக்கு வந்த பிறகு, பழைய பஸ்ஸில் இருந்த ஹோன் வந்தது. அந்த ஹோனை முதல்தரம் அடித்தபோது தெருவில் நின்றவர்கள் பஸ் ஏறுவதற்குக் கை காட்டினார்கள்.

வண்டி பெருக்கப் பெருக்க ஆட்களும் பெருகினார்கள். மாமாவின் தம்பி வந்தார். தான் இல்லாத இடத்தில் காணிக் கதை கதைத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. கலியாண வீடுகளில் சோறாக்கும் சமையல்காரர், தன் சட்டி போகிற இடத்துக்குத் தானும் போவதுதான் முறை என்றார். "நான் செய்த வண்டி, என்னை விட்டுட்டுப் போறதோ?" என்று வெல்டிங்காரரும் கேட்டார். மாடு தின்னாத அவருக்காக மாட்டிறைச்சிப் புரியாணி கோழிப் புரியாணியாக மாறியது. மாமா, மச்சான், மாமாவின் தம்பி, சமையல்காரர், வெல்டிங்காரர், ஓட்டுவதற்கு நான். எண்ணிப் பாருங்கள், சஹன் நிறைந்துவிட்டது.

வேலை நடந்த நாட்களில் மனைவி பின்னேரங்களில் பிளேன்டீயோடு கொல்லைக்கு வருவாள். ஒன்றையே கேட்பாள்.

"என்ட சீட்டு இரிக்கிதானே?"

"இரிக்கி புள்ள. முன்னுக்கு ஒருத்தரும் கை வைக்கல்ல," என்பேன். உண்மையும் அதுதான். வின்ச், விளக்கு, வாங்கு, கூரை எல்லாம் வந்தும் என் பக்கத்து சீட்டை ஒருவரும் தொடவில்லை. அவள் அந்த சீட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் போவாள்.

புறப்படும் நாள் வந்தது. நாலு பேர் பின் வாங்கில் தோளோடு தோள் நெருக்கி ஏறினார்கள். மாமா நடுவில். சமையல்காரர் மட்டும் தரையில் நின்றார். தம் போட்ட புரியாணிச் சட்டி அவர் காலடியில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"சட்டி எங்க வெக்கிற?" என்றார்.

இத்தனை திருத்தமும் செய்த மூளைகள் அதை மட்டும் யோசிக்கவில்லை. மடியில் வைக்கலாமென்றால் சுடும். கூரையில் வைத்தால் சரியும். மச்சான் வாங்கிலிருந்து எட்டி முன்னால் பார்த்தார்.

"அந்த சீட்டு சும்மாதானே கெடக்கு. பெல்ட்டும் இரிக்கி."

நான் வாயைத் திறக்க முன், இரண்டு பேராகத் தூக்கிச் சட்டியை என் பக்கத்தில் இருத்தி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் மனைவி படியிறங்கி வந்தாள். கறுப்பு அபாயா, கையில் தண்ணீர்ப் போத்தல், பெருநாளுக்குப் போடுகிற செருப்பு. அவள் சட்டியைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, நான்?"

"இன்னொரு நாளைக்கு ஒன்ன தனியாக் கூட்டிட்டுப் போறம் புள்ள," என்றார் மாமா. "இண்டைக்குச் சோறு ஆறிரும்."

"மாமா, இது அவக்காகப் போற பயணம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. அதற்கு மேலே பஸ் ஹோன் கேட்டது. மச்சான் பின்னாலிருந்து கையை நீட்டி அமத்திவிட்டார். தெருவில் சனம் கை தட்டியது. மனைவி திரும்பி உள்ளே போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கியரைப் போட்ட வேகம், பின்னால் இருந்த ஐந்து பேரின் தலையும் தகரத்தில் இடித்தது. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பயணம் என்று பெயர்தான். சந்திக்குச் சந்தி நிறுத்தச் சொன்னார்கள். தேநீர்க் கடை கண்டால் இறங்கி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மச்சான் வின்சை விளக்கினார். வெல்டிங்காரர் ஒட்டுகளைத் தடவிக் காட்டினார். மாமா வட்டைக்குப் போவதாக அறிவித்தார். சமையல்காரர் மட்டும் இறங்காமல் சட்டிக்குக் காவல் இருந்தார். சைக்கிளில் வந்தவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். உரப் பை ஏற்றிய ஒரு லேண்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய கை ட்ரக்டர், பட்பட்டென்று கடந்து போனது; பெட்டியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதை ஆர் கவனித்தார்?

சவளக்கடை தாண்டி, தார் முடிந்து, கிறவல் முடிந்து, வாய்க்கால் கட்டில் ஏறினோம். வண்டி முனகிக்கொண்டு போனது. கடைசியில் வட்டை தெரிந்தது. சண்டைக் காலத்தில் வெட்டித் தள்ளிய மரங்கள் ஒன்றும் திரும்ப முளைக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெளி. நடுவில் கிணறு. கிணற்றுக் கட்டில் கறுப்பாக ஓர் உருவம் இருந்தது.

"ஆருடா அது?" என்றார் மாமா.

எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு எக்ஸலரேட்டரை மிதித்தேன். வரப்பு வெட்டிய இடத்தில் சேறு இருந்ததைக் காணவில்லை. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, பின் டயர் இரண்டும் மறையப் புதைந்தது.

மனைவி அசையவில்லை. எங்களுக்குப் பின்னால் புறப்பட்டு, சவளக்கடை வரைக்கும் பஸ்ஸில் வந்து, பக்கத்துக் காணிக்கார அம்மாவோடு அந்த லேண்ட்மாஸ்டரில் உரப் பை மேலே இருந்து வந்திருக்கிறாள். நாங்கள் தேநீர்க் கடைகளில் வின்ச் விளக்கிய நேரத்தில் அவள் வந்து சேர்ந்துவிட்டாள்.

வண்டியில் இருந்தவர்களுக்கு அவள் எப்படி வந்தாள் என்ற கேள்வியைவிடப் பெரிய சந்தோசம் ஒன்று இருந்தது: வின்சுக்கு வேலை வந்துவிட்டது. மச்சான் சேற்றில் குதித்துக் கயிற்றை இழுத்தார். சுற்றிப் பார்த்தார். கட்டுவதற்கு மரம் இல்லை, கல் இல்லை. இருந்தது கிணறு மட்டும்.

"எழும்பு புள்ள," என்று மாமா தூரத்திலிருந்தே கத்தினார். "கயிற கிணத்துக் கட்டில சுத்தணும்."

"இதிலயா?"

"வேற எதுல? கெதியா எழும்பு, சோறு ஆறுது."

அவள் எழும்பவில்லை. தான் இருந்த இடத்தில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தைக் கையால் காட்டினாள். பாசி படிந்த சீமெந்தில், வெடிப்பு ஓடிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வலது கால். ஐந்து விரலும் தெரிந்தன. குதிகால் ஆழமாக இறங்கியிருந்தது.

"இத மிதிச்சதுக்கு வாப்பா உம்மாவ அண்டைக்கு ஏசினீங்க. இண்டைக்குச் சோறு ஆறுது எண்டு இதயே இழுத்து ஒடைக்கப் போறீங்களா?"

 மாமா சேற்றில் நடந்து கிட்டப் போனார். போகப் போக அவருடைய நடை சின்னதாகிக்கொண்டு வந்தது. கட்டுக்கு முன்னால் குந்தி, அந்தக் காலடியைப் பார்த்தார். விரல் அடையாளங்களுக்குள் சேர்ந்திருந்த மண்ணை உடுத்திருந்த சாரத்து நுனியால் மெதுவாகத் துடைத்தார். ஒரு விரல், அடுத்த விரல் என்று துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. ஊர் முழுக்க வாயடிக்கிற மனிதர் அழுவதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்காமல் போன மாமிக்காக அவர் அதுவரைக்கும் அழுததில்லை.

எழும்பியபோது குரல் மட்டும் பழைய குரல்.

"கழட்டுங்கடா எல்லாத்தையும்!"

"எதை மாமா?"

"போட்டதெல்லாத்தையும்!"

"செய்யலாம்," என்றார் வெல்டிங்காரர், பழக்க தோஷத்தில்.

ஸ்பேனரும் சுத்தியலுமாக இறங்கினோம். கூரை கழன்று வந்தது, விளக்கு வந்தது, வாங்கு வந்தது. மச்சான் வின்சைத் தானே கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாதிரி நின்றார். பெட்டரியும் ஹோனும் போன பிறகு வண்டி முதலில் வந்து இறங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி ஆனது. பின்னால் நின்று ஒரு தள்ளு. துள்ளிக்கொண்டு வரப்பில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு மாமா சஹனைக் கேட்டார். கிணற்றடியில் பாய் விரித்து, தாம்பாளத்தை வைத்து, சமையல்காரர் சோற்றைக் குவித்தார். நாங்கள் கை கழுவிக்கொண்டு வந்தோம்.

"நீங்க கொஞ்சம் பொறுங்க," என்றார் மாமா எங்களிடம். "புள்ள, நீ வா."

ஆறு பேர் சஹனில் இரண்டு பேர் இருந்தார்கள். வாப்பாவும் மகளும். மாமா கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக மகளின் பக்கம் தள்ளினார். முழங்கால் மட்டும் சேற்றோடு, வயிறு கத்த, நாங்கள் ஐந்து பேரும் வரப்பில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது கழற்றியதெல்லாம் லேண்ட்மாஸ்டரில் ஏறின. அதன் மேலே ஐந்து பேரும் ஏறினார்கள். என் பக்கத்து சீட்டை மனைவி ஒரு தரம் துடைத்துவிட்டு ஏறினாள். புரியாணி நெய் பட்டிருந்தது. சவளக்கடை வந்தது. மாமாவும் மச்சானும் செய்ததற்கெல்லாம் சேர்த்து நான் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"இடம் காணாம போய்ட்டு புள்ள," என்றேன்.

அவள் வீதியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"உம்மா என்னயும் சேத்து ஒரு காலடியிலயே ரெண்டு பேர ஏத்திரிக்கா."

 கை தன்பாட்டில் ஹோனைத் தேடியது. அதையும் கழற்றியிருந்தார்கள்.